சட்டியில் வேகட்டும் தவசிக் கீரை!

வீட்டு வேலியே கறிச்சட்டிக்கு வந்தால் எப்படி இருக்கும்?

அப்படி ஒரு செடி இருக்கிறது. ஒரு முறை நட்டால் பல ஆண்டுகள் நிற்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். நெருக்கமாக நட்டால் வேலி. இலையைப் பறித்தால் கீரை.

அதன் பெயர் தவசிக் கீரை.

முருங்கையை எல்லோருக்கும் தெரியும். அகத்தியையும் தெரியும். தவசிக் கீரையைத் தெரிந்தவர்கள் குறைவு. அரைக்கீரை, சிறுகீரை போல இது சந்தைக்குக் கட்டுக் கட்டாக வருவதில்லை. யாராவது ஒரு வீட்டில் வைத்திருப்பார்கள். அவர்களிடம் குச்சி வாங்கி அடுத்த வீட்டுக்காரர் நடுவார். அப்படித்தான் இது பரவியது.

இப்பொழுது நாற்றுப் பண்ணைகளிலும் விற்கிறார்கள். "மல்டி வைட்டமின் கீரை" என்று புதுப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

கீரை நல்ல கீரைதான். அந்தப் பெயர்தான் ஆபத்தானது.

பெயரைக் கேட்டதும், "இது கீரை அல்ல, மருந்து" என்று சிலர் நினைத்து விடுகிறார்கள். பச்சையாக அரைத்துச் சாறு குடித்தால் முழுப் பலனும் கிடைக்கும் என்று எண்ணுகிறார்கள். தைவான் தீவில் அப்படி எண்ணிக் குடித்தவர்கள், மூச்சு விடவே திண்டாடினார்கள். சிலர் உயிரையும் இழந்தார்கள்.

ஆகவே, தவசிக் கீரை வளர்க்க விரும்பும் குடும்பம் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒன்று, எப்படி வளர்ப்பது? மற்றொன்று, எப்படி உண்ணக் கூடாது?

நெல்லிக்கு உறவு

தவசிக் கீரை ஒரு புதர்ச்செடி. விட்டால் ஆள் உயரத்துக்கு மேல் வளரும். தண்டு மெல்லியது. உயரம் கூடினால் சாய்ந்துவிடும்.

கிளையின் இரு பக்கமும் இலைகள் வரிசையாக இருக்கும். பார்ப்பதற்கு ஒரே பெரிய கூட்டிலை போலத் தோன்றும். கீழாநெல்லியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கீழாநெல்லியின் இலை பொடியாக இருக்கும். இதன் இலை பெரிதாக இருக்கும். ஒன்று முதல் இரண்டரை அங்குல நீளம் வளரும். நல்ல கரும்பச்சை நிறம்.

இந்த ஒற்றுமை தற்செயலானது அல்ல. நெல்லி, கீழாநெல்லி, தவசிக் கீரை மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

பூ மிகச் சிறியது. சிவப்பு கலந்த நிறம். இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும். காய்தான் அழகு. சிவப்பு வட்டத்தின் கீழ் ஒரு வெள்ளை மணி தொங்கும். தோட்டில் முத்துத் தொங்குவது போல இருக்கும். குழந்தைகள் பார்த்தால் விடமாட்டார்கள்.

பெயரில் ஒரு குழப்பம்

நாற்று வாங்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை.

சிலர் இந்தக் கீரையைத் "தவசி முருங்கை" என்றும் சொல்கிறார்கள். அந்தப் பெயரில் வேறு ஒரு மூலிகைச் செடி இருக்கிறது. அது நாட்டு வைத்தியத்தில் பயன்படுவது. அதற்கும் இதற்கும் உறவே கிடையாது. பூவும் வேறு, இலையும் வேறு, குடும்பமும் வேறு.

பெயரை மட்டும் கேட்டு வாங்கி வந்து சமைப்பது சரியல்ல. ஏற்கெனவே வளர்த்துச் சமைத்து வருகிறவர்களிடம் குச்சி வாங்குவதே நல்லது. சந்தேகம் இருந்தால், பக்கத்தில் உள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் ஒரு கிளையைக் காட்டிக் கேட்கலாம்.

எந்தக் கீரைக்கும் இது பொருந்தும். தெரியாத இலை சட்டிக்குப் போகக் கூடாது.

மலேயாவின் "இனிப்புக் கீரை"

இந்தச் செடி இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும் வளர்வது. அதைப் பெரிய அளவில் உண்பவர்கள் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் மக்கள்.

மலேசியாவில் இதற்கு "செக்குர் மானிஸ்" என்று பெயர். மானிஸ் என்றால் மலாய் மொழியில் இனிப்பு. சரவாக், சபா மாநிலங்களில் இது அன்றாடக் கறி. இளந்தளிரைக் கிள்ளி, கையால் கசக்கி, முட்டை உடைத்து ஊற்றி வதக்குகிறார்கள். சாப்பாட்டுக் கடைகளிலும் இது கிடைக்கும்.

இந்தோனேசியாவில் இதைக் "கத்துக்" என்கிறார்கள். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்க வேண்டும் என்று, கத்துக் கீரையை ரசம் போல வேகவைத்துக் கொடுப்பது அங்கே வெகு காலப் பழக்கம். வியட்நாமில் இறைச்சி அல்லது இறாலுடன் சேர்த்துச் சாறு காய்ச்சுகிறார்கள்.

கேரளத்தில் இதற்கு "மதுரச் சீரை" என்றும் "வேலிச் சீரை" என்றும் பெயர். மலையாளத்தில் சீரை என்றால் கீரை. மலேயாப் பெயரையே கொஞ்சம் மாற்றிச் "செக்குர்மானிஸ்" என்று அழைப்பவர்களும் உண்டு. அங்கே வீட்டைச் சுற்றி வேலியாகவே நடுகிறார்கள்.

இத்தனை நாட்டுச் சமையலிலும் ஒரு பொது வழக்கத்தைக் காணலாம். கீரை அடுப்பில் ஏறுகிறது. வெந்த பிறகுதான் இலைக்கு வருகிறது.

குச்சியை நட்டால் போதும்

தவசிக் கீரைக்கு விதை தேட வேண்டாம். விதையும் முளைக்கும், ஆனால் புது விதையாக இருக்க வேண்டும். நாள்பட்ட விதை முளைக்காது. குச்சி நடுவதே சுலபம்.

மிகவும் இளம் தண்டு அழுகிவிடும். மிகவும் முற்றிய தண்டு வேர் விடத் தாமதிக்கும். இரண்டுக்கும் நடுப்பட்ட தண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பென்சில் பருமன் இருந்தால் போதும். நீளம் முக்கால் அடி முதல் ஒரு அடி. மூன்று நான்கு கணுக்கள் இருக்க வேண்டும்.

அடிப் பக்கத்தைச் சாய்வாக வெட்ட வேண்டும். அப்போதுதான் எது தலை, எது கால் என்று மாறாமல் நடலாம். இலைகளை உருவிவிட வேண்டும். இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி ஊன்ற வேண்டும்.

குச்சியைச் சுற்றி மண்ணை அழுத்தி, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், சில வாரங்களில் துளிர் விடும். துளிர் கண்டதும் பிடுங்கி நடக் கூடாது. துளிர் வந்தாலும் வேர் வந்திராது. இன்னும் சில வாரம் பொறுத்து, வேர் பிடித்த பிறகே இடம் மாற்ற வேண்டும்.

மழைக்காலத் தொடக்கம் நடவுக்கு ஏற்றது. கோடையிலும் நடலாம்; ஆனால் காலையும் மாலையும் தண்ணீர் காட்ட வேண்டும்.

வேலியாக நடுவோர், ஒரு அடிக்கு ஒரு செடி நடலாம். இரண்டு வரிசையாக நட்டால், வரிசைக்கு வரிசை இரண்டு அடி விட வேண்டும். தனிச் செடியாக நடுவோருக்கு வீட்டின் கிழக்குப் பக்கமோ, தென்னை நிழலோ நல்லது. காலை வெயில் பட்டு, உச்சி வெயில் படாத இடத்தில் இலை பெரிதாகவும் மென்மையாகவும் இருக்கும். முழு வெயிலிலும் செடி பிழைக்கும். இலை சிறுத்து முரடாகும்.

தோட்டம் இல்லாதவர்களுக்கு

நகரத்தில் கொல்லை ஏது? மாடியில் தொட்டி வைக்கலாம்.

ஒரு அடி அகலமும் ஒரு அடி ஆழமும் உள்ள தொட்டி போதும். பெயிண்ட் வாளி, பழைய பிளாஸ்டிக் குடம், உரச் சாக்கு எதுவும் ஆகும். பெயிண்ட் வாளியாக இருந்தால் நன்றாகக் கழுவ வேண்டும். அடியில் நான்கைந்து ஓட்டை போட வேண்டும்.

செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு. இந்த மூன்றையும் கலந்து நிரப்பினால் போதும். மணலுக்குப் பதில் தேங்காய் நாரிலிருந்து வரும் தூளையும் போடலாம். செங்கல்லாக விற்பதை நன்றாக ஊறவைத்து அலசிய பிறகு போட வேண்டும்.

கையில் எடுத்து அமுக்கினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் மண்ணே நல்ல மண்.

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஐந்தாறு தொட்டிகள் இருந்தால், ஒன்று மாற்றி ஒன்று பறிக்கலாம். ஒரே செடியை மொட்டை அடிக்க வேண்டியதில்லை.

தண்ணீரும் எருவும்

இந்தச் செடிக்கு ஈரம் பிடிக்கும். தேங்கிய தண்ணீர் பிடிக்காது.

மண் மேலாகக் காய்ந்ததும் தண்ணீர் ஊற்ற வேண்டும். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் ஈரம் தெரியும். அரிசி கழுவிய தண்ணீரும், காய்கறி கழுவிய தண்ணீரும் தாராளமாக ஊற்றலாம். சோப்புத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் வேண்டாம்.

இலை பறிக்கும் செடிக்குப் பசி அதிகம். மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மக்கிய எருவோ மண்புழு உரமோ போட வேண்டும். பச்சைச் சாணியை அப்படியே போட்டால் வேர் வெந்துவிடும். சமையலறைக் கழிவையும் மக்க வைத்த பிறகே போட வேண்டும்.

அடியில் காய்ந்த இலைகளைப் பரப்பி வைத்தால் ஈரம் நிற்கும். களையும் குறையும்.

வெட்டினால்தான் கீரை

புதிதாக வளர்ப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆசையாக வளர்த்த செடியை வெட்ட மனம் வராது. அது நெடுநெடு என்று வளரும். கீழே இலை உதிர்ந்து, உச்சியில் மட்டும் நாலு இலை நிற்கும்.

தவசிக் கீரையை வெட்டத்தான் வேண்டும்.

செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். பக்கக் கிளைகள் வரும். அவை ஒரு சாண் வளர்ந்ததும் மறுபடி கிள்ள வேண்டும். இப்படிச் செய்தால் செடி அடர்ந்து புதராகும்.

நட்ட மூன்று நான்கு மாதத்தில் முதல் பறிப்புக்குத் தயாராகும். நுனியிலிருந்து அரை அடித் தளிரைக் கிள்ளிக் கொள்ளலாம். ஒரு முறை பறித்தால், மறுபடி தளிர் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். ஒரு நேரத்தில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது.

மூன்று அல்லது நான்கு அடி உயரத்துக்கு மேல் விட வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிட்டு எரு வைத்தால், செடி புதிதாகக் கிளம்பும். வெட்டிய குச்சிகளை எறிய வேண்டாம். அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கலாம்.

பூச்சி வந்தால்

தவசிக் கீரைக்கு எதிரிகள் குறைவு. நத்தை வரும். புழு வரும். தொட்டிச் செடியில் மாவுப்பூச்சி ஒட்டும்.

நத்தையையும் புழுவையும் காலையில் கையால் பொறுக்கிவிடலாம். மாவுப்பூச்சியைத் தண்ணீரைப் பீச்சி அடித்துக் கழுவலாம். அதற்கும் போகாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் தெளிக்கலாம். தெளித்த பிறகு ஒரு வாரம் இலை பறிக்கக் கூடாது.

கடையில் விற்கும் பூச்சி மருந்து வேண்டாம். வீட்டில் கீரை வளர்ப்பதே மருந்து படாத கீரைக்காகத்தானே?

சமையலறையில்

முற்றிய தண்டு நார். அதை விட்டுவிட வேண்டும். கிளையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக உருவினால் இலை கையோடு வந்துவிடும். முருங்கை ஆய்வதைவிட இது விரைவான வேலை.

இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பொடியாக நறுக்க வேண்டும். நறுக்கிய பிறகு அலசினால் சத்துப் போகும்.

பாசிப்பருப்புடன் கூட்டு வைக்கலாம். வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, தேங்காய் துருவிப் போட்டுப் பொரியல் செய்யலாம். முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் பிள்ளைகள் தட்டைக் காலி செய்வார்கள். அடை மாவில் கலக்கலாம். சாம்பாரிலும் போடலாம்.

இந்தக் கீரைக்குக் கசப்பு இல்லை. வழவழப்பு இல்லை. பச்சைப் பட்டாணியும் வேர்க்கடலையும் கலந்தது போல ஒரு மணம் இருக்கும்.

இலை நன்றாக வேக வேண்டும். பத்து நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். இறக்கிய பிறகு எலுமிச்சம் பழம் பிழிந்தால், கீரையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர், காப்பி குடித்தால் அதே இரும்புச் சத்து சேராமல் போகும்.

பெயர் செய்த வேலை

தவசிக் கீரையில் சத்து இருப்பது உண்மை. நூறு கிராம் பச்சைக் கீரையில் சுமார் 5 முதல் 7 கிராம் வரை புரதம் இருக்கிறது. பல கீரைகளைவிட இது அதிகம். உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்தும் நிறைய உண்டு. வைட்டமின் சி உண்டு. வேகும்போது அதில் ஒரு பகுதி போய்விடும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு.

அதனால்தான் "மல்டி வைட்டமின்" என்ற பெயர் வந்தது.

ஆனால் எல்லா வைட்டமினும் ஒரே இலையில் இருப்பதில்லை. எடுத்துக்காட்டாக, வைட்டமின் பி-12 கீரையில் கிடைப்பதில்லை. பாலிலும் முட்டையிலும் மீனிலும் கறியிலும்தான் கிடைக்கும்.

பெயர் பெரிதானால் ஆசையும் பெரிதாகிறது.

"அக்கா, இதைக் காலையில் வெறும் வயிற்றில் அரைத்துக் குடியுங்கள். உடம்பு இளைக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். அவளுக்கு யாரோ செல்போனில் அனுப்பியிருப்பார்கள். அனுப்பியவருக்கு வேறு யாரோ அனுப்பியிருப்பார்கள். முதலில் சொன்னவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

இப்படித்தான் தைவானிலும் தொடங்கியது.

தைவானில் நடந்தது

1994-ம் ஆண்டு. தைவான் தீவின் தென் பகுதியில் ஒரு செய்தி பரவியது. தவசிக் கீரைச் சாறு குடித்தால் உடல் எடை குறையும் என்பதே அந்தச் செய்தி.

மக்கள் நம்பினார்கள். இலையைப் பச்சையாக அரைத்தார்கள். கொய்யாச் சாறு, அன்னாசிச் சாறு கலந்து குடித்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. வாரக் கணக்கில் குடித்தார்கள்.

குடித்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்களும் நடுத்தர வயதுப் பெண்களும். அழகாக இருக்க வேண்டும், ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் அவர்களுக்கு.

சிலருக்குத் தூக்கம் கெட்டது. பசி போயிற்று. பிறகு இருமல் வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நாளாக ஆக, நடந்தாலே மூச்சு வாங்கியது.

ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை.

டாக்டர்கள் சோதித்தபோது காரணம் தெரிந்தது. நுரையீரலுக்குள் உள்ள மிகச் சிறிய காற்றுக் குழாய்களில் புண் ஏற்பட்டு, தழும்பாகி, குழாய்கள் சுருங்கிப் போயிருந்தன. உள்ளே போன காற்று வெளியே வர வழி இல்லை. தழும்பான குழாய் மறுபடி திறப்பதில்லை.

1996-ம் ஆண்டில், இத்தகைய 23 நோயாளிகளைப் பற்றிய விவரம் "லான்செட்" என்ற புகழ்பெற்ற மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. பின்னர் வந்த ஆராய்ச்சிகளில், பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு மேல் என்று தெரிந்தது. சாறு குடிப்பதை நிறுத்திய பிறகும் பலருக்கு நோய் தீரவில்லை. சிலருக்கு நுரையீரலையே மாற்றி வைக்க வேண்டியிருந்தது. இறந்தவர்களும் உண்டு.

எடை குறைய ஒரு டம்ளர் சாறு குடித்தார்கள். அதற்குக் கொடுத்த விலை, வாழ்நாள் முழுவதற்குமான மூச்சு.

ஜப்பான் போட்ட தடை

ஜப்பானில் இந்தக் கீரையைப் பொடியாக்கி, மாத்திரையாக்கி, சத்துப் பொருள் என்று விற்றார்கள். அதைத் தின்றவர்களுக்கும் அதே நுரையீரல் நோய் வந்தது. 2003-ம் ஆண்டில் ஜப்பான் அரசாங்கம் அந்தப் பொடி, மாத்திரைகளின் விற்பனைக்குத் தடை விதித்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இலையாகப் பறித்துச் சமைக்கும்போது, ஒரு மனிதன் ஒரு கைப்பிடிக்கு மேல் தின்ன முடியாது. வயிறு நிறைந்துவிடும். சாறாக்கினால் ஒரு கூடை இலை ஒரு டம்ளருக்குள் அடங்கிவிடும். பொடியாக்கினால் ஒரு கரண்டிக்குள் அடங்கிவிடும். வயிறு போடும் கணக்கை மிக்சி அழித்துவிடுகிறது.

மலேசியாவில் ஏன் இல்லை?

மலேசிய மக்கள் தலைமுறை தலைமுறையாக இதை உண்கிறார்கள். அங்கே தைவானைப் போல நோய் பரவவில்லை. ஏன்?

அவர்கள் வேகவைத்து உண்கிறார்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு உண்கிறார்கள். மற்றக் கீரைகளையும் மாற்றி மாற்றி உண்கிறார்கள். நாள் தவறாமல் பச்சைச் சாறாகக் குடிப்பது அவர்கள் பழக்கம் அல்ல.

இலையில் உள்ள எந்தப் பொருள் நுரையீரலைக் கெடுக்கிறது என்பதை விஞ்ஞானிகள் இன்னும் முடிவாகக் கண்டுபிடிக்கவில்லை. காரணப் பொருள் தெரியாதபோது, "இவ்வளவு சாறு குடிக்கலாம், இதற்கு மேல் கூடாது" என்று அளவு சொல்ல யாராலும் முடியாது. ஆகவே பச்சைச் சாறு அறவே வேண்டாம் என்பதே அறிவுடைமை.

சமைத்துவிட்டால் எவ்வளவும் தின்னலாம் என்றும் நினைக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் அல்லது இரண்டு நாள், ஆளுக்கு ஒரு கரண்டி கூட்டு. அது போதும். மற்ற நாளில் முருங்கை இருக்கிறது. அரைக்கீரை இருக்கிறது. பொன்னாங்கண்ணி இருக்கிறது.

"இயற்கைதானே?"

"இலைதானே? இயற்கைதானே? என்ன செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு.

அரளியும் இயற்கைதான். அதைத் தின்றால் உயிர் போகும். மரவள்ளிக் கிழங்கும் இயற்கைதான். அதிலே நஞ்சு இருக்கிறது. தோலை உரித்து, நன்றாக வேகவைத்து, அந்த நஞ்சைப் போக்கி உண்ணக் கற்றுக்கொண்டார்கள் நம் மக்கள்.

சமையல் என்பது ருசிக்காக மட்டும் வந்ததல்ல. எதை வேகவைக்க வேண்டும், எதை ஊறவைக்க வேண்டும், எதை அளவோடு உண்ண வேண்டும் என்ற பட்டறிவும் அதில் அடங்கியிருக்கிறது. அந்த அறிவு அடுப்பங்கரையில் கைமாறி வந்தது. புதிதாக ஒரு செடி ஊருக்கு வரும்போது, செடி மட்டும் வந்தால் போதாது. அதைச் சமைத்து உண்ணும் வழக்கமும் கூடவே வர வேண்டும்.

தைவானில் செடி வந்தது. வழக்கம் வரவில்லை.

ரத்தச் சோகையும் கீரையும்

நம் நாட்டில் கீரைக்குத் தேவை இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தச் சோகை இருந்தது. பாதிக்கு மேல்!

இப்படிப்பட்ட நாட்டில், வீட்டு வாசலில் காசில்லாமல் கிடைக்கும் கீரை பெரிய உதவி. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் கீரை உணவு, மருந்து அல்ல. ரத்தச் சோகை உள்ளவர்கள் கீரையும் உண்ண வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தமும் சோதிக்க வேண்டும். அங்கே கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை நம்பி இருப்பது தவறு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுவோர், எந்தக் கீரையையும் திடீரென்று அதிகமாகச் சேர்ப்பதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் இதே சொல்தான். பால் சுரக்கும் என்று யாராவது தவசிக் கீரைப் பொடியோ மாத்திரையோ கொடுத்தால் வாங்க வேண்டாம்.

யார் என்ன செய்ய வேண்டும்?

நாற்று விற்பவர்கள் ஒரு சிறு நன்மை செய்யலாம். தொட்டியில் பெயர்ச் சீட்டுக் கட்டுகிறார்கள் அல்லவா? அதில், "சமைத்து மட்டும் உண்ணவும், பச்சைச் சாறு குடிக்கக் கூடாது" என்று இன்னும் ஒரு வரி எழுதலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு சொட்டு மை.

பள்ளிக்கூடத் தோட்டங்களில் இதை வளர்க்கும் ஆசிரியர்கள், வளர்ப்பதைச் சொல்லும்போதே சமைப்பதையும் சொல்ல வேண்டும்.

செல்போனில் வைத்தியம் அனுப்புகிறவர்கள், அனுப்பும் முன் ஒரு கணம் யோசிக்க வேண்டும். தைவானில் சாறு குடிக்கச் சொன்னவர்களும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார்கள்.

குச்சி கொடுக்கிறவர்களும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். "நட்டு வையுங்கள், வேகவைத்துச் சாப்பிடுங்கள்" என்று.

தவசிக் கீரையைக் கண்டு பயப்பட வேண்டாம். தாராளமாக நடலாம். வேலி ஓரத்தில் நிற்கட்டும். மாடித் தொட்டியில் தளிர்க்கட்டும். விருந்தாளி வந்த நாளில் கைகொடுக்கட்டும்.

பறித்த கீரை சட்டிக்குப் போகட்டும். மிக்சிக்குப் போக வேண்டாம்.